மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் வழிவதும் வராமற்போவதும்

ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைக்காட்டிற்கு நடந்தும் சைக்கிளிலும் சென்றனர். இன்று அந்த இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டுவிட்டது. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. தொழிலாளர் பலர் தோட்டத்திற்கு வெளியே குடியிருந்து வேலைக்கு வந்து போகின்றனர். ஆகவே வண்டியின் தேவை முன்னிலும் கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

ரப்பர் மரம் சீவுவோருக்கு நேரமே கூலி என்பதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் மரப்பட்டையினுள் உள்ள பால் குழல்களில் அழுத்தம் மிகுதியாக இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்கி வெளியிடுவதால் அவ்வழுத்தம் குறைந்து, மங்கில் விழும் பாலும் குறைந்துபோகும். பிரட்டுக்குப் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டால் இழப்பது அரை மணி நேரம் மட்டுமன்று. அன்றைய பாலில் ஒரு பகுதியுமாகும்.

அவ்வாறு வண்டி நிற்பதற்குரிய காரணங்களுள் இரண்டினை இக்கட்டுரையில் ஆராய்வோம். ஒன்று, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்து ஒழுகுவது. மற்றொன்று, டாங்கியில் பெட்ரோல் இருந்தும் அது எஞ்சினுக்கு வந்து சேராமற் போவது. இவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவைபோலத் தோன்றும். ஆயினும் இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே காரணத்தால் உண்டாகின்றன. அந்த இடம் ஒரு சிறு கிண்ணம்; அந்தக் காரணம் அழுக்கு. இதனை அறிந்துகொண்டால், தேவையற்ற பொருள்களை வாங்கி மாட்டி வீண் செலவு செய்வதைத் தவிர்க்கலாம்.

1958-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. 2017-ஆம் ஆண்டில் அவ்வகை வண்டிகளின் உற்பத்தி 10 கோடியை எட்டியது. நம் நாட்டில் இத்தகைய சிறு வண்டிகளைக் 'கப்சாய்' என்றே மக்கள் அழைக்கின்றனர். நாம் கூறப்போகும் விவரங்கள் கார்புரேட்டர் உள்ள கப்சாய் வண்டிகளுக்கே பொருந்தும். கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெட்ரோலைப் பீச்சும் அமைப்புடைய புதிய வண்டிகளுக்கு இவை பொருந்தா.

கிண்ணத்தின் வேலை என்ன?

பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முற்றாக எரிய ஏறக்குறைய 15 பங்கு எடையுள்ள காற்று தேவை. இவ்விரண்டையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பதே கார்புரேட்டரின் தொழில்.

அதன் அடியில் ஒரு கிண்ணம் உண்டு. டாங்கியிலிருந்து இறங்கும் பெட்ரோல் முதலில் இக்கிண்ணத்தில் தங்குகிறது. கிண்ணத்தினுள் ஒரு மிதவையும், மிதவையின் மேல் ஒரு சிறு ஊசியும் உள்ளன. வீட்டு நீர்த்தொட்டியில் மிதக்கும் பந்தினை நாம் பார்த்திருக்கிறோம். நீர் நிறைந்ததும் பந்து உயர்ந்து குழாயை அடைக்கிறது. நீர் குறைந்ததும் பந்து தாழ்ந்து குழாயைத் திறக்கிறது. கார்புரேட்டரின் மிதவையும் அவ்வாறே பெட்ரோல் உயரும்போது ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்கிறது. பெட்ரோல் குறையும்போது வழியைத் திறந்துவிடுகிறது.

கிண்ணத்திலுள்ள பெட்ரோலை 'ஜெட்' எனப்படும் நுண்துளைகளின் வழியாக எஞ்சின் உறிஞ்சிக்கொள்கிறது. மெதுவாக ஓடும்போது பயன்படுவது சிறு ஜெட். வேகமாக ஓடும்போது பயன்படுவது பெரிய ஜெட்.

ஆகவே, ஊசி சரியாக அடைக்காவிட்டால் பெட்ரோல் வழியும். ஊசி திறவாவிட்டாலும், வழியில் எங்கேனும் அடைப்பு இருந்தாலும் பெட்ரோல் வாராது. இதுவே இக்கட்டுரையின் சாரம்.

ஒழுகும் பெட்ரோலை அலட்சியம் செய்யலாகாது

'சொட்டுத்தானே, போகட்டும்' என்று பலர் இருந்துவிடுகின்றனர். நிமிடத்திற்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், ஒழுகுவதாக வைத்துக்கொள்வோம். இரவு 8 மணி நேரத்தில் 2.4 லிட்டர் வீணாகிவிடும். சிறு வண்டியின் டாங்கியில் ஏறக்குறையப் பாதி போய்விடும்.

பண இழப்பினும் பெரிது உயிர் ஆபத்து. பெட்ரோல் கடுங்குளிரிலும் எளிதில் தீப்பற்றும் ஆவியைக் கக்கக்கூடியது. நம் நாட்டு வெப்பத்தில் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. அது மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு படர்ந்து, தாழ்வான இடத்தில் தேங்கும். 100 பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. வண்டியை வீட்டின் முன்கூடத்தில் நிறுத்தி வைப்பது நம்மிடையே வழக்கம். அதே கூடத்தில் கொசுவத்தி புகையும். சாமி விளக்கு எரியும். அடுத்த அறையில் அடுப்பு இருக்கும். பாயில் குழந்தைகள் உறங்குவர். ஒழுகும் வண்டியை அங்கே வைப்பது தீயை வீட்டுக்குள் அழைப்பதற்கு ஒப்பாகும்.

பெட்ரோல் வாடை வீசினால் முதலில் செய்ய வேண்டியவை இவை: எஞ்சினை நிறுத்துங்கள். பெட்ரோல் செல்லும் வழியை அடைக்கும் திருகுப்பிடியை 'ஆஃப்' பக்கம் திருப்புங்கள். சில வண்டிகளில் இப்பிடி டாங்கியின் அடியில் இருக்கும். சிலவற்றில் கார்புரேட்டரோடு சேர்ந்திருக்கும். வண்டியை வெளியே, காற்றோட்டமான இடத்திற்குத் தள்ளிச் செல்லுங்கள். அருகே எவரும் புகை பிடித்தலோ தீக்குச்சி கிழித்தலோ கூடாது. சிந்திய பெட்ரோல் மேல் மணலைப் போடுங்கள். தீப்பற்றிவிட்டால் தண்ணீரை ஊற்றலாகாது. பெட்ரோல் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பிவிடும். சிறு தீயானால் மணலாலோ உலர்தூள் தீயணைப்பானாலோ அணைக்கலாம். அது இயலாதபோது அனைவரும் விலகி நின்று 999 எண்ணை அழைக்க வேண்டும்.

எங்கிருந்து ஒழுகுகிறது?

பழுதைத் தேடுமுன் ஒழுகும் இடத்தைக் கண்டுகொள்ள வேண்டும். கார்புரேட்டரின் வெளிப்புறத்தைத் துணியால் நன்கு துடைத்துவிட்டு, திருகுப்பிடியைத் திறந்து சற்று நேரம் கவனியுங்கள்.

கிண்ணமும் மேற்பகுதியும் சேரும் விளிம்பில் ஈரம் கசிந்தால் அங்குள்ள ரப்பர் வளையம் பழுதடைந்திருக்கும். அல்லது திருகாணிகள் தளர்ந்திருக்கும். கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகாணியிலிருந்து சொட்டினால் அது சரியாக முடுக்கப்படவில்லை. இவ்விரண்டும் சிறு குறைகள்.

கீழே தொங்கும் வழிகுழாயிலிருந்து பெட்ரோல் வந்தால், கிண்ணம் நிறைந்து வழிகிறது என்பது பொருள். அப்போது ஐயப்பட வேண்டியவற்றை எளிதிலிருந்து கடினம் என்ற வரிசையில் பார்ப்போம்.

முதலாவது, வண்டி சாய்ந்திருக்கலாம். வண்டி விழுந்தாலோ மிகவும் சரிந்து நின்றாலோ மிதவை சரியாக வேலை செய்யாது. நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஊசிக்கும் அது அமரும் துளைக்கும் இடையில் மண்ணோ துருவோ சிக்கியிருக்கலாம். ஒழுகும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் நோய் இதுவே. மணல் துகள் ஒன்றே இதற்குப் போதுமானது. எஞ்சின் ஆறியபின் திருப்புளியின் கைப்பிடியால் கிண்ணத்தின் பக்கத்தை இரண்டு மூன்று முறை மெல்லத் தட்டுங்கள். பின் வடிகால் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி, கொஞ்சம் பெட்ரோலை வடித்துவிட்டு மீண்டும் முடுக்குங்கள். பல வேளைகளில் துகள் நகர்ந்து ஒழுகல் நின்றுவிடும். ஆனால் அழுக்கு உள்ளேதான் இருக்கிறது என்பதை மறவாமல், ஓய்வு நாளில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தல் வேண்டும்.

மூன்றாவது, ஊசியின் முனை தேய்ந்திருக்கலாம். முனையைச் சுற்றி வளையம்போல் பள்ளம் தெரிந்தால் ஊசியை மாற்ற வேண்டும்.

நான்காவது, மிதவை ஓட்டையாகியிருக்கலாம். உட்பொள்ளலான மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் அசையும் ஓசை கேட்கும். பெட்ரோல் புகுந்து கனத்துப்போன மிதவை உயராது. ஆகவே ஊசியும் அடைக்காது.

ஐந்தாவது, மிதவையின் உயரம் மாறியிருக்கலாம். இந்த அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். சில மில்லிமீட்டர் வேறுபாடும் கெடுதல் செய்யும். ஆதலால் வண்டியின் கையேட்டில் உள்ள அளவை அறியாமல் மிதவையின் நாக்கை வளைத்துப் பார்த்தல் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒழுகுமானால், கிண்ணத்தினுள் நிற்கும் வழிகுழாய் வெடித்திருக்கலாம். அதைப் பட்டறையில் காட்டுவதே நன்று.

வழிகுழாயை அடைத்துவிடுவது மருந்தாகாது

வழிகுழாயின் முனையில் குச்சியைச் செருகியும் கட்டிப்பாலை வைத்து அடைத்தும் வண்டியை ஓட்டுவோர் உண்டு. இது மிகவும் தவறான செயல். வழிகுழாய் கெடுதல் செய்வதற்கு அமைந்ததன்று; காப்பதற்கு அமைந்தது. அதனை அடைத்துவிட்டால் மிகுதியான பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கும். சிலிண்டரில் இறங்கிய பெட்ரோல் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். வழவழப்பை இழந்த எண்ணெயால் பிஸ்டனும் மற்றப் பாகங்களும் தேய்ந்து கெடும். சில வெள்ளியில் முடிய வேண்டிய வேலை, எஞ்சினைப் பிரிக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

நாம் நாள்தோறும் சேகரிக்கும் ரப்பரைப் பற்றி நாமே அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இயற்கை ரப்பருக்குப் பெட்ரோல் ஆகாது. பெட்ரோலில் கிடந்தால் அது ஊறிப் பருத்து, மென்மையாகி, வலிமை இழந்துவிடும். கட்டிப்பாலில் ஒரு சிறு துண்டைப் பெட்ரோலில் போட்டு மறுநாள் பார்த்தால் இது விளங்கும். இதனால்தான் பெட்ரோல் குழாய்களையும் ஊசியின் முனையையும் பெட்ரோலைத் தாங்கும் செயற்கை ரப்பரால் செய்கின்றனர். சைக்கிள் டியூப்பை வெட்டிப் பெட்ரோல் குழாயாக மாட்டுவதும், அதனை வாஷராக வெட்டிப் போடுவதும் பயன் தாரா. சில நாள்களில் அது பிதுங்கிக் கிழிந்து, அதன் துணுக்குகள் ஜெட்டையும் அடைத்துவிடும்.

ஒழுகிய வண்டியைச் சீர் செய்தபின் எஞ்சின் எண்ணெயின் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் அளவுக்கு மேல் உயர்ந்திருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ வண்டியை உதைத்து எழுப்பாதீர்கள். எண்ணெயை மாற்றிய பின்னரே ஓட்ட வேண்டும்.

பெட்ரோல் வாராமற் போனால்

இனி இரண்டாவது குறைக்கு வருவோம். டாங்கியில் பெட்ரோல் இருக்கிறது. வண்டியோ எழும்ப மறுக்கிறது. முதலில் திருகுப்பிடி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் குறைவாக இருந்தால் 'ரிசர்வ்' பக்கம் திருப்புங்கள். அதன்பின்னும் பலமுறை உதைத்துப் பயனில்லையெனில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று கொள்ளலாம். பெட்ரோலால் நனைந்திருந்தால் குறை வேறிடத்தில் உள்ளது. தீப்பொறி இல்லாமலிருக்கலாம், அல்லது பெட்ரோல் மிதமிஞ்சி வந்திருக்கலாம்.

வண்டி நிற்கும் விதமே குறையைக் காட்டிக்கொடுக்கும். சோக்கைப் போட்டால் மட்டும் எஞ்சின் ஓடி, சோக்கை எடுத்ததும் நின்றுவிட்டால், சிறு ஜெட் அடைபட்டிருக்கக்கூடும். மெதுவாக நன்றாக ஓடி, வேகப்பிடியை முறுக்கியதும் திணறினால் பெரிய ஜெட்டையும், வரும் வழியில் உள்ள வடிகட்டியையும் பார்க்க வேண்டும். பல வாரம் ஓடாமல் கிடந்த வண்டி எழும்பாவிட்டால், பழைய பெட்ரோல் வற்றிப் பிசின்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். சிறிது தூரம் ஓடி நின்று, சில நிமிடம் கழித்துத் தானே உயிர் பெற்று, மீண்டும் நின்றால், டாங்கி மூடியை ஐயப்பட வேண்டும்.

டாங்கி மூடியில் காற்று புகுவதற்கு ஒரு நுண்வழி உண்டு. டப்பிப்பாலில் ஒரே ஒரு துளையிட்டுக் கவிழ்த்தால் பால் சரியாக ஒழுகாது. மறுபுறம் இன்னொரு துளையிட்டதும் தாராளமாக ஒழுகும். டாங்கியும் அவ்வாறே. பெட்ரோல் இறங்கிய இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. செம்மண் புழுதியும் சேறும் அந்த நுண்வழியை அடைத்துவிடுவதுண்டு.

ஒரு திருகாணியில் ஒரு சோதனை

அடைப்பு எங்கே இருக்கிறதென்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இதனைப் பகலில், வெட்டவெளியில், எஞ்சின் நன்கு ஆறியபின் செய்யுங்கள். வடிகாலின் கீழே சுத்தமான கண்ணாடிச் சாடி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருகுப்பிடியைத் திறந்து வைத்து, வடிகால் திருகாணியைத் தளர்த்துங்கள்.

கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் முதலில் வடியும். அதன்பின்னும் நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்தால், டாங்கி முதல் ஊசி வரை வழி சரியாக உள்ளது. குறை ஜெட்டுகளில் இருக்கலாம். கிண்ணம் வடிந்தவுடன் ஓட்டம் நின்றுவிட்டால் அடைப்பு மேலே உள்ளது. அப்போது டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். உடனே பெட்ரோல் ஓடத் தொடங்கினால் குற்றம் மூடியில். அப்போதும் ஓடாவிட்டால் டாங்கியின் வடிகட்டி, மடங்கிப்போன குழாய், ஒட்டிக்கொண்ட ஊசி ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். எஞ்சின் உறிஞ்சும்போது மட்டுமே திறக்கும் திருகு சில வண்டிகளில் உண்டு. அவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.

இனி சாடியைச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் முத்து முத்தாக வேறொரு நீர்மம் தங்கினால் அது தண்ணீர். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் தங்குகிறது. அது ஜெட்டில் புகும்போது எஞ்சின் இருமி நின்றுவிடும். ஆண்டிறுதி மழைக்காலத்தில் இக்குறை அடிக்கடி தோன்றும். கிண்ணத்தில் சேர்ந்த நீரை இவ்வாறே வடித்துவிடலாம். மீண்டும் மீண்டும் நீர் வந்தால் டாங்கியையே கழுவ வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டும். சாடியில் துருத்தூள் காணப்பட்டால் டாங்கியின் உட்புறம் துருவேறியுள்ளது. அதனைக் கவனிக்காமல் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் குறை திரும்பத் திரும்ப வரும்.

சுத்தம் செய்யும் முறை

கார்புரேட்டரைக் கழற்றுமுன் திருகுப்பிடியை மூடி, கிண்ணத்தை வடித்துவிடுங்கள். வெளிப்புறத்து மண்ணை முதலில் துடைத்துவிட்டே திறக்க வேண்டும். கழற்றிய பாகங்களை வெள்ளைத் துணியின்மேல் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைத்தால் எதுவும் தவறாது.

ஜெட்டின் துளையைக் கம்பியாலோ ஊசியாலோ குத்தலாகாது. ஜெட் மென்மையான பித்தளையாலானது. துளை சற்றே பெரிதானாலும் பெட்ரோலின் அளவு மாறிவிடும். கார்புரேட்டர் கழுவும் மருந்தில் ஊறவைத்து, காற்றுப் பம்பினால் ஊதிச் சுத்தம் செய்வதே முறை. ஊதும்போது கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். துளையை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வட்டமாகத் தெரிய வேண்டும்.

பெட்ரோல் குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். சிறிதளவு பெட்ரோல் மூச்சுக்குழலுக்குள் போனாலும் நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும். எவரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வடித்த பெட்ரோலைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பதும் கூடாது. குழந்தைகள் தண்ணீரென்று எண்ணிக் குடித்துவிடக்கூடும்.

அன்றாடப் பழக்கங்கள்

மாலையில் வண்டியை நிறுத்தியதும் திருகுப்பிடியை மூடுங்கள். ஊசி சரியாக அடைக்காத வண்டியிலும் இரவு முழுவதும் ஒழுகாமல் இது ஒன்றே காக்கும். வண்டியை நடு ஸ்டாண்டில், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை டாங்கி மூடியையும் அதன் நுண்வழியையும் துடையுங்கள். மழைக்காலத்தில் அவ்வப்போது கிண்ணத்தைச் சிறிது வடித்துப் பாருங்கள். குழாய் தடித்தோ வெடித்தோ இருந்தால் அதற்குரிய புதுக் குழாயை வாங்கி மாட்டுங்கள்.

மிதவையின் உயரத்தை அமைப்பது, வெடித்த வழிகுழாயைச் சீர் செய்வது போன்றவற்றை மெக்கானிக்கிடம் விடுவதே அறிவுடைமை. ஆனால் அவரிடம் செல்லும்போது, 'வண்டி ஓடவில்லை' என்று மட்டும் கூறாமல், 'வழிகுழாயில் ஒழுகுகிறது', 'மூடியைத் திறந்தால் பெட்ரோல் ஓடுகிறது' என்று நாம் கண்டதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவ்வாறு சொன்னால் அவருடைய நேரமும் நம்முடைய பணமும் மிச்சமாகும். மாற்ற வேண்டாத பாகங்களை மாற்றும் நிலையும் நேராது.

கார்புரேட்டர் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் சிறு கருவி. அதற்கு வேண்டியவை தூய பெட்ரோலும், அடைபடாத வழியும், மாதம் ஒருமுறை சில நிமிடக் கவனிப்புமே. இன்று மாலை வேலை முடிந்து திரும்பியதும், வண்டியின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், திருகுப்பிடியை மூடுங்கள், அதன்பின் வீட்டுக்குள் செல்லுங்கள்.